நியூரோஸ்பியர் தரையில் ஒட்டுகிறது, நடு கறுக்கிறது, நட்ட செல்லும் தங்குவதில்லை: எந்தப் படியில் தவறு?

கேள்வி: எஸ்விஇசட்_மாணவி

வணக்கம். வளர்ந்த சுண்டெலி மூளையில் பக்கவாட்டு வென்ட்ரிக்கிளை (திரவம் நிறைந்த உள்ளறை) ஒட்டிய எஸ்விஇசட் பகுதியிலிருந்து நரம்பு ஸ்டெம் செல் எடுத்து, நியூரோஸ்பியராக (மிதக்கும் செல் உருண்டை) வளர்த்து, இன்னொரு சுண்டெலியின் ஸ்ட்ரையேட்டத்தில் (மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி) நட வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறது. மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இப்போது செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

செல் எடுப்பது ஜிஎஃப்பி என்ற பச்சைப் புரதம் ஒளிரும் சி57பிஎல்/6 இனச் சுண்டெலியிலிருந்து. வயது 8 வாரம், ஒரு தடவைக்கு 2. மூளையைக் குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் வைத்து வென்ட்ரிக்கிளைச் சுற்றி 2 மி.மீ. தடிமனுக்கு வெட்டுகிறேன். திசுவைப் பிரிக்க 0.25 சதவீத ட்ரிப்சின்-இடிடிஏ, 37 டிகிரியில் 20 நிமிடம். கொழகொழவென்று நூல் நூலாக வருகிறது. அதிலேயே டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் விட்டுப் பார்த்தேன், குறையவில்லை. 10 சதவீத எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்) கலந்த ஊடகம் ஊற்றி ட்ரிப்சினை நிறுத்துகிறேன். 1000 மைக்ரோலிட்டர் டிப்பால் 50 முறை உறிஞ்சி விட்டு, 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுகிறேன்.

ஊடகம்: டிஎம்இஎம்/எஃப்12, பி27 துணைக்கலவை, மில்லிக்கு 20 நானோகிராம் ஈஜிஎஃப், 20 நானோகிராம் எஃப்ஜிஎஃப்-2 (இரண்டும் வளர்ச்சிக் காரணிகள்), பென்-ஸ்ட்ரெப் ஆன்டிபயாட்டிக். சாதாரண டிஷ்யூ கல்ச்சர் ஃப்ளாஸ்க், மில்லிக்கு 1 லட்சம் செல்.

பிரச்சினை ஒன்று: ஏழாம் நாள் வரை பெரும்பாலும் குப்பைதான் தெரிகிறது. வருகிற ஸ்பியரிலும் பாதி தரையில் ஒட்டிக் கால் நீட்டிவிடுகிறது. இரண்டு: பத்தாம் நாள் சில ஸ்பியர் மிகப் பெரிதாகி நடுவில் கறுப்பாகிறது. தினமும் எண்ணி வருகிறேன், ஒருநாள் கூடுகிறது, மறுநாள் குறைகிறது. மூன்று: அந்தப் பத்தாம் நாள் ஸ்பியரை ட்ரிப்சினில் பிரித்து, 2 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்-இல் 2 லட்சம் செல், 26 கேஜ் ஊசி, ஒரு நிமிடத்தில் செலுத்தி உடனே ஊசியை எடுக்கிறேன். பெறுவது ஸ்விஸ் ஆல்பினோ சுண்டெலி. நான்காம் வாரம் ஊசித் தடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை தெரிகிறது, அதிலும் பெரும்பாலானவை ஜிஎஃப்ஏபி (ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச்செல்லின் அடையாளம்) பாசிட்டிவ். நியூரான் ஏறக்குறைய இல்லை.

எங்கே சரிசெய்ய வேண்டும்?

---

பதில்: நெஸ்டின்

வணக்கம்மா. முழு நெறிமுறையையும் எழுதியதால் பதில் சொல்ல வழி இருக்கிறது. முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் இழப்பில் பெரும்பங்கு அங்கேதான்.

வெட்டும் தடிமன். எஸ்விஇசட் என்பது வென்ட்ரிக்கிள் சுவரில் சில செல் அடுக்கு மட்டுமே. 2 மி.மீ. எடுத்தால் கையில் வருவது ஸ்ட்ரையேட்டமும், இரு அரைக்கோளத்தையும் இணைக்கும் நரம்பிழைப் பட்டையான கார்ப்பஸ் கலோசமும்தான். அவற்றோடு வருகிற, நரம்பிழையின் கொழுப்பு உறையான மயலின்தான் நீங்கள் பார்க்கும் குப்பை. மூளையை மல்லாக்க வைத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி, ஆப்டிக் கையாசம் (பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம்) இருக்கும் மட்டத்தில் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டுங்கள். முன்பாதியின் வெட்டுமுகத்தை மேலே திருப்பினால் இரண்டு வென்ட்ரிக்கிளும் பிளவாகத் தெரியும். டிசெக்டிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுவரோரம் சற்றே கண்ணாடித்தன்மையோடு ஒரு மெல்லிய விளிம்பு, அதற்கு வெளியே வெள்ளைக் கோடுகள் ஓடும் ஸ்ட்ரையேட்டம். அந்த வெள்ளைக் கோடு வருவதற்கு முன்பே கத்தி நிற்க வேண்டும். மேலே இருக்கும் கார்ப்பஸ் கலோசத்தையும் நடுவில் இருக்கும் செப்டத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு சுண்டெலியிலிருந்து வரும் திசு, குழாயின் அடியில் சிறு திட்டாகத்தான் இருக்கும். அவ்வளவுதான் வர வேண்டும். நிறைய வந்தால் தவறாக வெட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்சைம். 0.25 சதவீதம் என்பது ஒட்டிய செல் வரிசைகளுக்கான கணக்கு, அங்கேயும் சில நிமிடம்தான். மூளைத் திசுவில் அது செல் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளையும் சேர்த்து வெட்டும். ஈஜிஎஃப் ஏற்பியைச் சிதைத்துவிட்டு ஈஜிஎஃப் ஊற்றி என்ன பயன்? 0.05 சதவீத ட்ரிப்சின்-இடிடிஏ, 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் 7 நிமிடம் போதும். அதற்கு முன் ஸ்கால்பெல்லால் ஒரு நிமிடம் நன்றாகக் கொத்திவிடுங்கள். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் பப்பெய்ன்: மில்லிக்கு 20 யூனிட், 37 டிகிரியில் 30 நிமிடம், இடையிடையே குழாயைச் சாய்த்து ஆட்ட வேண்டும். பப்பெய்ன் சிஸ்டீனோடு சேர்ந்தால்தான் செயல்படும். கரைத்த உடனே கலங்கலாக இருக்கும். 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்துத் தெளிந்த பிறகே திசுவைப் போடுங்கள்.

டிஎன்ஏஸ் ஏன் வேலை செய்யவில்லை? அதற்கு மக்னீசியமும் கால்சியமும் வேண்டும். இடிடிஏ இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நூல்நூலாக வருவது இறந்த செல்லிலிருந்து கசிந்த டிஎன்ஏ. முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீண்டு, உயிருள்ள செல்லையும் சுருட்டிக்கொண்டு டிப்போடு மேலே வரும். முதலில் ட்ரிப்சினை நிறுத்தி, சுழற்றி, இடிடிஏ இல்லாத ஊடகத்துக்கு மாற்றிய பிறகு டிஎன்ஏஸ் விடுங்கள். டிஎம்இஎம்/எஃப்12-இல் மக்னீசியம் இருக்கிறது, கரையும். ஆனால் மென்மையாக வெட்டி மென்மையாகப் பிரித்தால் நூலே வராது. நூல் வருவதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சீரம். ஸ்பியர் தரையில் ஒட்டுவதற்கு முதல் காரணம் இதுதான் என்று துணிந்து சொல்கிறேன். எஃப்பிஎஸ் ட்ரிப்சினை நிறுத்தும், அதே நேரம் நரம்பு ஸ்டெம் செல்லை வேறுபடச் செய்யும், ஒட்டவும் வைக்கும். ஒரு தடவை சுழற்றினால் அது முழுக்கப் போகாது. சோயாபீன் ட்ரிப்சின் இன்ஹிபிட்டரைச் சம அளவு விட்டு நிறுத்துங்கள். பப்பெய்ன் என்றால் ஓவோமியூகாய்ட். ஸ்டெம் செல் வளர்க்கும் ஹுட்டில் சீரம் பாட்டிலைத் திறக்காமலே இருப்பது நல்லது.

உறிஞ்சி விடுவது. 50 முறை வேண்டாம். 1000 டிப்பால் 5 முறை, பிறகு 200 டிப்பால் 10 முறை, டிப்பை முதலில் ஊடகத்தில் நனைத்துக்கொண்டு. நுரை வந்தால் உடனே நிறுத்துங்கள். காற்றுக் குமிழியின் விளிம்பில் செல் கிழிகிறது. பிரியாத துண்டு இருந்தால் இரண்டு நிமிடம் அடியில் படிய விட்டு, மேலே இருப்பதை வேறு குழாய்க்கு மாற்றி, மிச்சத்தை மட்டும் மறுபடி உறிஞ்சுங்கள். ஏற்கெனவே பிரிந்த செல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் நிறையச் செல்லைக் கொல்கிறது. கடைசியில் 40 மைக்ரான் வடிகட்டி.

சுழற்சி 110 ஜி, 7 நிமிடம். 300 ஜி போட்டால் மயலினும் சேர்ந்து அடியில் உட்காரும். மெதுவாகச் சுழற்றினால் செல் மட்டும் இறங்கும், மயலின் மேலே கலங்கலாக நிற்கும், அதை எடுத்துவிடலாம். ஹிப்போகாம்பஸின் டென்டேட் கைரஸ் என்றால் 22 சதவீத பெர்கால் அடர்த்திக் கரைசல் போட்டு 450 ஜி-யில் 15 நிமிடம் சுழற்ற வேண்டியிருக்கும். எஸ்விஇசட்டை ஒழுங்காக வெட்டினால் அது தேவைப்படாது.

---

பதில்: கோளம்100

மேடம் சொன்னது எல்லாம் சரி. நான் ஊடகத்துக்கும் ஸ்பியருக்கும் வர்றேன்.

உங்க ஊடகத்துல ஹெப்பாரின் இல்ல. எஃப்ஜிஎஃப்-2 தன் ஏற்பியைப் பிடிக்க ஹெப்பாரின் துணை வேணும். அதோட 37 டிகிரியில எஃப்ஜிஎஃப்-2 ஒரு நாள்லயே பெரும்பகுதி வீரியம் இழந்துடும், ஹெப்பாரின் அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். மில்லிக்கு 2 மைக்ரோகிராம். 0.2 சதவீத ஸ்டாக் இருந்தா 10 மில்லி ஊடகத்துக்கு 10 மைக்ரோலிட்டர். ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 இரண்டையும் 0.1 சதவீத பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ்ல மில்லிக்கு 100 மைக்ரோகிராம்னு கரைச்சுச் சின்னச் சின்னதா பிரிச்சு உறைய வைங்க. 10 மில்லிக்கு 2 மைக்ரோலிட்டர் விட்டா 20 நானோகிராம் கணக்கு வந்துடும். பிஎஸ்ஏ இல்லாம கரைச்சா புரோட்டீன் குழாய்ச் சுவர்லயே ஒட்டிக்கும். உருகினதை மறுபடி உறைய வைக்காதீங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை புதுசா இரண்டையும் விடுங்க.

பி27-ல ரெண்டு வகை இருக்கு. வைட்டமின் ஏ இல்லாததுதான் நமக்கு வேணும். வைட்டமின் ஏ ரெட்டினாயிக் அமிலமா மாறி செல்லை நியூரான் பக்கம் தள்ளும். பாட்டில் லேபிளை ஒரு தடவை பாருங்க, நிறைய லேப்ல தெரியாம சாதாரண பி27 ஓடிக்கிட்டு இருக்கும்.

ஃப்ளாஸ்க்: டிஷ்யூ கல்ச்சர்னு போட்டிருந்தா செல் ஒட்டறதுக்காகவே பிளாஸ்டிக்கை மாத்தியிருப்பாங்க. ட்ரீட் பண்ணாத ஃப்ளாஸ்க் இல்லன்னா அல்ட்ரா லோ அட்டாச்மென்ட் வாங்குங்க. சீரத்தை நிறுத்தி, ஃப்ளாஸ்க்கை மாத்தினாலே ஒட்டற பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

கறுப்பு நடு: 200 மைக்ரானைத் தாண்டினா ஆக்ஸிஜனும் சத்தும் நடுவுக்குப் போகாது, உள்ள இருக்கிற செல் செத்துடும். மிச்சமும் ஸ்பியருக்குள்ளேயே வேறுபட ஆரம்பிக்கும். 100-லிருந்து 150 மைக்ரானுக்குள்ள பிரிச்சுடணும். நாளை எண்ணாதீங்க, விட்டத்தை அளங்க. முதல் ஸ்பியருக்கு 7-லிருந்து 10 நாள் ஆகும், அப்புறம் 5-லிருந்து 7 நாள். ஆரோக்கியமான ஸ்பியர் ஃபேஸ் கான்ட்ராஸ்ட்ல உருண்டையா, வெளிச்சம் ஊடுருவற மாதிரி மினுமினுப்பா இருக்கும். விளிம்புல மெல்லிய முள் மாதிரி நீட்சிகள் தெரியும், நல்ல அறிகுறி அது. விளிம்பு வழவழன்னு ஆகி உடம்பு பழுப்பா தெரிஞ்சா அன்னைக்கே பிரிச்சுடுங்க.

பிரிக்க அக்யூட்டேஸ் என்சைம், 37 டிகிரி, 5-லிருந்து 7 நிமிடம். ஊடகத்தால நீர்க்கச் செஞ்சாலே போதும், தனியா இன்ஹிபிட்டர் வேண்டாம். 200 டிப்பால மெதுவா பிரிச்சு, செத்த செல்லை மட்டும் நீலமாக்கற ட்ரிப்பன் நீலத்துல எண்ணி, மில்லிக்கு 50 ஆயிரம் உயிர்ச் செல்லா மறுபடி விதைங்க. வளர்ந்த சுண்டெலியிலிருந்து முதல் தடவை எடுக்கறப்போ மட்டும் ஹீமோசைட்டோமீட்டர் எண்ணிக்கையை நம்பாதீங்க. குப்பையும் சிவப்பணுவும் செல் மாதிரியே தெரியும். "இத்தனை சுண்டெலிக்கு இத்தனை மில்லி"ன்னு விதைக்கறதுதான் நிதானம்.

இனி எண்ணிக்கை. இதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஆய்வுக் கட்டுரைகளையே கவிழ்த்த விஷயம் இது. நீங்க தினமும் ஃப்ளாஸ்க்கை எடுத்து மைக்ராஸ்கோப்ல வைக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் ஊடகம் அலை அடிச்சு, மிதக்கிற ஸ்பியர் எல்லாம் நடுவுல குவிஞ்சு ஒண்ணோடொண்ணு ஒட்டிடும். நேத்து எண்ணின ரெண்டு இன்னைக்கு ஒண்ணா நிக்குது. எண்ணிக்கை குறையறதும் ராட்சச ஸ்பியர் வர்றதும் பெரும்பாலும் இதனாலதான். மில்லிக்கு 1 லட்சம் விதைச்சா ஒரு ஸ்பியர்ல எத்தனை தாய்ச் செல்லோட வாரிசு இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. எண்ணணும்னா தனியா ஒரு 96 குழித் தட்டு வைங்க, குழிக்கு ஒரே செல், 7 நாள் தொடாதீங்க, இன்குபேட்டர் கதவைக்கூட அடிச்சுச் சாத்தாதீங்க. வளர்க்கற ஃப்ளாஸ்க் வேற, எண்ணற தட்டு வேற.

இன்னொண்ணு. ஒரு ஸ்பியர் வந்தா அடியில ஒரு ஸ்டெம் செல் இருந்ததுன்னு அர்த்தம் இல்ல. ஸ்டெம் செல்லிலிருந்து பிறந்து வேகமா பெருகுற இடைநிலைச் செல்லும் ஈஜிஎஃப் கொடுத்தா ஸ்பியர் கட்டும். ரெனால்ட்ஸும் வைஸும் 1992-ல வளர்ந்த சுண்டெலி ஸ்ட்ரையேட்டத்துல இருந்து ஸ்பியர் வளர்த்துக் காட்டினாங்க. அதே ரெனால்ட்ஸ் 2005-ல ரீட்ஸோட சேர்ந்து, ஸ்பியர் எண்ணிக்கையை ஸ்டெம் செல் எண்ணிக்கையா எடுத்துக்காதீங்கன்னு எழுதினார். அஞ்சு பாசேஜுக்கு (பிரிச்சு மறுபடி விதைக்கற சுற்று) மேல தொடர்ந்து பெருகணும், ஒத்தைச் செல்லிலிருந்து வந்த ஸ்பியர் நியூரான், ஆஸ்ட்ரோசைட், ஆலிகோடென்ட்ரோசைட் (மயலின் செய்யற செல்) மூணையும் தரணும். அப்புறம்தான் ஸ்டெம் செல்னு சொல்லலாம்.

---

எஸ்விஇசட்_மாணவி

மிக்க நன்றி மேடம், நன்றி சார். பி27 லேபிளைப் பார்த்தேன், வைட்டமின் ஏ உள்ளதுதான். மூன்று வகையும் வருகிறதா என்று சோதிக்க எப்படிச் சாயமிடுவது? ஆலிகோடென்ட்ரோசைட் எனக்கு ஒருபோதும் தெரிவதில்லை. நடும் பகுதிக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பதில்: நெஸ்டின்

கண்ணாடி வில்லையில் பாலி-ஆர்னித்தின் மில்லிக்கு 15 மைக்ரோகிராம் ஒரு இரவு. மூன்று தடவை நன்றாகக் கழுவ வேண்டும், கழுவாத பாலி-ஆர்னித்தின் செல்லுக்கு நஞ்சு. பிறகு லாமினின் மில்லிக்கு 5 மைக்ரோகிராம், 37 டிகிரியில் குறைந்தது இரண்டு மணி நேரம். லாமினின் பூச்சு ஒரு நிமிடம்கூடக் காயக்கூடாது. பிரித்த செல்லை விதைத்து, ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 இரண்டையும் நிறுத்தி, 1 சதவீத எஃப்பிஎஸ் சேர்த்து 7 நாள். சீரத்துக்கு இடம் இங்கேதான்.

ஆலிகோ தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் ட்ரைட்டன் என்ற சோப்பு. ஓ4 (ஆலிகோவை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி) பிடிப்பது சவ்வில் இருக்கும் கொழுப்பை, ட்ரைட்டன் அந்தக் கொழுப்பையே கரைத்துவிடும். உயிர்ச் செல்லில் ஓ4 ஆன்டிபாடியை முதலில் கொடுத்து, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, அதன் பிறகு ட்ரைட்டன் விட்டு, நியூரானின் அடையாளமான பீட்டா-3 டியூபுலினும் ஜிஎஃப்ஏபியும் பாருங்கள்.

---

பதில்: பிரெக்மா

நடும் பகுதிக்கு வருகிறேன்.

முதலில் பெறும் சுண்டெலி. இதைச் சரிசெய்யாமல் மற்றதைச் சரிசெய்து பயனில்லை. சி57பிஎல்/6 செல்லை ஸ்விஸ் ஆல்பினோவில் வைக்கிறீர்கள். ஸ்விஸ் கலப்பு இனம், திசுப் பொருத்தம் கிடையாது. மூளை நோயெதிர்ப்பிலிருந்து முழுக்கத் தப்பிய இடம் என்பது பழைய எண்ணம். ஊசி போன வழியில் இரத்த-மூளைத் தடுப்பு உடைகிறது, டி செல் உள்ளே வருகிறது, நான்கு வாரம் என்பது நிராகரிப்புக்குத் தாராளமான அவகாசம். ஜிஎஃப்பி இல்லாத சி57பிஎல்/6-ஐப் பெறும் விலங்காக வையுங்கள். ஆண் செல்லைப் பெண்ணில் வைக்காதீர்கள், ஒய் குரோமோசோமின் ஆன்டிஜனுக்கு எதிர்வினை வரும். மனித செல் என்றால் நோயெதிர்ப்பில்லாத நாட்-ஸ்கிட் சுண்டெலி, அல்லது எலிக்குத் தினமும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் சைக்ளோஸ்போரின் என்பது வழக்கம். மனிதத் திசுவைத் தொடுவதாக இருந்தால் இந்தியாவில் 2017 வழிகாட்டியின்படி ஸ்டெம் செல் ஆய்வுக்கான நிறுவனக் குழு அனுமதியும் தனியாக வேண்டும்.

செல். பத்தாம் நாள் கறுத்த ஸ்பியரை எடுக்காதீர்கள். நடு இறந்த ஸ்பியரைப் பிரித்தால் அந்த டிஎன்ஏ முழுக்கக் கலவையில் வரும், ஐஸில் வைத்த அரை மணியில் கட்டி தட்டும், ஊசி அடைக்கும். பிரித்து 4, 5 நாளான சின்ன ஸ்பியரை அக்யூட்டேஸில் பிரித்து, 40 மைக்ரானில் வடித்து, இரண்டு முறை கழுவி, குளுக்கோஸ் உள்ள ஹேங்க்ஸ் கரைசலில் வையுங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 50 ஆயிரம் முதல் 1 லட்சம். அதற்கு மேல் கலவை பாகு மாதிரி ஆகிவிடும். ட்ரிப்பன் நீலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்றைய அறுவையை நிறுத்திவிடுங்கள். இறந்த செல் அழற்சியைத் தூண்டி, உயிரோடு இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஊசியில் ஏற்றிய எண்ணிக்கையைக் கட்டுரையில் எழுதாதீர்கள். மூளைக்குள் போன எண்ணிக்கைதான் கணக்கு. செல் சில நிமிடத்தில் படிந்துவிடும். குழாயில் கீழே, சிரிஞ்சில் பிஸ்டன் பக்கமோ நுனிப் பக்கமோ. ஒவ்வொரு விலங்குக்கும் தனியாக, துளை போட்டு எல்லாம் தயாரான பிறகு, குழாயை விரலால் சுண்டிக் கலக்கி அப்போது ஏற்றுங்கள். முதல் விலங்குக்கு முன்னாலும் கடைசி விலங்குக்குப் பின்னாலும் அதே ஊசியின் வழியாக 1 மைக்ரோலிட்டரை ட்ரிப்பன் நீலத்தில் விட்டு எண்ணுங்கள். காலையில் 90 சதவீதம் இருந்து மாலையில் 60 ஆகியிருந்தால் கடைசி விலங்குகளை முதல் விலங்குகளோடு ஒப்பிட முடியாது. ஐஸில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்காமல், இரண்டாவது தொகுதியைப் புதிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊசி. 26 கேஜின் வெளிவிட்டம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். சுண்டெலி மூளைக்கு அது கடப்பாரை. 33 கேஜ் ஹாமில்டன் ஊசி (ஏறக்குறைய 0.2 மி.மீ.), இல்லையென்றால் இழுத்துச் சாய்வாக உடைத்த கண்ணாடி நுண்குழாய். அளவு 1 மைக்ரோலிட்டர், வேகம் நிமிடத்துக்கு 0.2 மைக்ரோலிட்டர், பம்ப் வைத்து. குறித்த ஆழத்துக்கு 0.2 மி.மீ. கீழே போய் மேலே வந்து நிறுத்தினால் திரவம் தங்க ஒரு சிறு பள்ளம் கிடைக்கும். செலுத்தி முடிந்து 5 நிமிடம் அசையாமல் நிறுத்தி, பிறகு நிமிடத்துக்கு 1 மி.மீ. வேகத்தில் மேலே எடுங்கள். உடனே உருவினால் பின்னாலேயே வெற்றிடம் உறிஞ்சி, செல் தடம் வழியே மேலேறி கார்ட்டெக்ஸுக்கும் மண்டையோட்டுக்கும் போகிறது. தடத்தில் மட்டும் பச்சை தெரிவதற்கு முதல் காரணம் அது.

இடம். பிரெக்மாவிலிருந்து (மண்டையோட்டின் முன்பக்கத் தையல்கள் சேரும் புள்ளி) முன்னால் 0.5, பக்கவாட்டில் 2.0, ட்யூராவிலிருந்து (மூளையின் வெளியுறை) கீழே 3.0 மி.மீ. என்பது வளர்ந்த சி57பிஎல்/6-க்குப் பொருந்தும், பருத்த ஸ்விஸுக்குப் பொருந்தாது. பிரெக்மாவும், பின்னால் தையல்கள் சேரும் லாம்டாவும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள். இரண்டுக்கும் இடைத்தூரத்தை அளங்கள். அட்லஸில் 4.2 மி.மீ. உங்கள் விலங்கில் 3.9 என்றால் அதே விகிதத்தில் எண்களைக் குறைக்க வேண்டும். ஆழத்தை மண்டையோட்டிலிருந்து அளக்கிறீர்களா, ட்யூராவிலிருந்தா என்று லேபில் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். செல் போடுவதற்கு முன் இரண்டு விலங்கில் ஃபாஸ்ட் க்ரீன் சாயம் மட்டும் செலுத்தி, மூளையை வெட்டிப் பார்ப்பது நல்லது. சாயம் வென்ட்ரிக்கிளுக்குள் போயிருந்தால் பக்கவாட்டு எண் குறைவு என்று உடனே தெரிந்துவிடும்.

அறுவை முடிந்ததும் சூடான விரிப்பு, வலிநிவாரணி, கண் களிம்பு. குளிர்ந்துபோன விலங்கில் மற்ற எல்லாமே பிழைபடும்.

இனி, பெரும்பாலும் ஜிஎஃப்ஏபி என்கிறீர்களே, அது கைப்பிழை இல்லை. ஸ்ட்ரையேட்டம் வளர்ந்த சுண்டெலி மூளையில் நியூரான் பிறக்கும் இடம் கிடையாது. அங்கே வைத்த வளர்ப்பு ஸ்டெம் செல் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டாகத்தான் போகும். இடம்தான் தீர்மானிக்கிறது. ஃப்ரெட் கேஜ் என்ற ஆய்வாளரின் குழு 1996-இல் ஹிப்போகாம்பஸிலிருந்து எடுத்த எலிச் செல்லை, எஸ்விஇசட்டிலிருந்து ஆல்ஃபாக்டரி பல்புக்குச் (வாசனை அறியும் பகுதி) செல்லும் பாதையில் வைத்தபோது, அவை பல்புக்கு நகர்ந்து அங்கே உரிய நியூரானாக மாறின. உங்கள் கேள்வி நியூரான் உருவாக்கம் என்றால் நடும் இடத்தை மாற்றுங்கள். ஸ்ட்ரையேட்டமே வேண்டுமென்றால் ஆஸ்ட்ரோசைட்டை எதிர்பார்த்துக் கேள்வியை அமையுங்கள்.

---

பதில்: கோளம்100

பிரெக்மா சார் சொன்னதோட ஒரு எச்சரிக்கை. ஜிஎஃப்பி தெரிஞ்சா நட்ட செல்தான்னு எடுத்துக்காதீங்க. செத்த செல்லை மூளையின் துப்புரவுச் செல்லான மைக்ரோக்ளியா விழுங்கி அதுவும் பச்சையா தெரியும். மைக்ரோக்ளியாவைக் காட்டற ஐபிஏ1 சேர்த்துச் சாயமிடுங்க. ஜிஎஃப்பி ஆன்டிபாடி போட்டு சிவப்புக்கு அப்பால் உள்ள சேனல்ல பாருங்க, லிப்போஃபஸ்சின் (வயசான செல்லின் கழிவு நிறமி) தானா ஒளிர்றது பச்சையோட கலக்காது. பெருகுற செல்லோட டிஎன்ஏல சேர்ற பிஆர்டியு ஏத்தி நடறவங்களுக்கு இதைவிட ஆபத்து: செத்த செல்லோட பிஆர்டியுவைப் பக்கத்துல பெருகுற சொந்தச் செல் எடுத்துக்கும், நட்ட செல் நியூரானா மாறிடுச்சுன்னு தப்பா எழுதிடுவோம். 2006-லயே இதைச் சோதிச்சுக் காட்டிட்டாங்க.

தீர்வு ஒண்ணுதான்: உறைய வைச்சு உருக்கி மூணு தடவை கொன்ன அதே எண்ணிக்கை செல்லை ஒரு குழு விலங்குக்குச் செலுத்துங்க. அந்தக் குழுவுல தெரியற பச்சை எவ்வளவோ அவ்வளவும் பொய்ப் பச்சை.

---

பதில்: லாமினின்_தட்டு

ஸ்பியர் முறையையே கட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. லாமினின் பூசிய தட்டில் ஒட்டி வளர்த்தால் எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவு ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 கிடைக்கும், கறுப்பு நடு என்ற பேச்சே இல்லை. ஸ்பியர் இல்லாமல் ஒட்டி வளர்க்கும் வழியை 2005-இல் கான்ட்டி குழு காட்டியது. ஸ்டெம் செல் அடையாளமான நெஸ்டின், சாக்ஸ்2 இரண்டும் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் தெரியும். நடுவதற்கு ஒத்த செல் வேண்டுமென்றால் இதுவே மேல் என்பது என் கருத்து. முதல் வளர்ப்பை ஸ்பியராகத் தொடங்கி, இரண்டாம் பாசேஜில் ஒட்டவைத்தால் மயலின் குப்பையும் தானே விலகும்.

ஆனால் எந்த முறையானாலும் பாசேஜ் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 10-ஐத் தாண்டிய செல்லைக் குரோமோசோம் பார்க்காமல் விலங்கில் வைக்க வேண்டாம். எளிய சோதனை ஒன்று: ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 இல்லாத ஊடகத்தில் ஒரு குழி விதைத்து வையுங்கள். அங்கேயும் ஸ்பியர் வளர்ந்தால் அந்தச் செல் கட்டுப்பாடு இழந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். மாஸ்கோவில் 2001 முதல் கரு நரம்பு ஸ்டெம் செல் ஏற்றப்பட்ட ஒரு சிறுவனுக்கு, நான்கு ஆண்டு கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கட்டியின் செல் அவனுடையதல்ல, குறைந்தது இரண்டு கொடையாளருடையது என்று 2009-இல் அறிக்கை வந்தது. பெருகும் ஆற்றலுக்காகத்தான் இந்தச் செல்லைத் தேடுகிறோம், அதே ஆற்றல்தான் ஆபத்தும்.

மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கு பிசிஆர் சோதனை. அதற்குச் செல்சுவர் கிடையாது, பென்சிலினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஊடகம் கலங்காது, ஸ்பியர் மட்டும் காரணம் தெரியாமல் சிறுத்துக்கொண்டே போகும்.

---

எஸ்விஇசட்_மாணவி

எல்லோருக்கும் நன்றி. சி57பிஎல்/6 பெறும் விலங்குக்கு அனுமதித் திருத்தம் கேட்கப் போகிறேன். விலங்கு குறைவு. எத்தனை குழு, எந்தெந்த நாள் பார்ப்பது என்று சொன்னால் திருத்தத்தில் சேர்த்துவிடுவேன்.

---

பதில்: பிரெக்மா

மூன்று குழு: உயிர்ச் செல், கொன்ற செல், வெறும் கரைசல். உயிர்ச் செல் குழுவை மட்டும் 3, 7, 28-ஆம் நாள் என்று மூன்றாகப் பிரியுங்கள். மற்ற இரண்டும் 28-ஆம் நாள் போதும். செல்லில் பெரும்பாலானவை இறப்பது முதல் சில நாட்களில். 28-ஐ மட்டும் பார்த்தால், செல் உள்ளே போகவே இல்லையா, போய் இறந்ததா, வாழ்ந்து பிறகு நிராகரிக்கப்பட்டதா என்று பிரிக்க முடியாது. 3-ஆம் நாளே இல்லையென்றால் ஊசியிலும் செல்லிலும் தேடுங்கள். 7-இல் இருந்து 28-இல் இல்லையென்றால் நோயெதிர்ப்பில் தேடுங்கள்.

40 மைக்ரான் வெட்டு, ஆறில் ஒன்றை எடுத்து எண்ணி ஆறால் பெருக்குங்கள். மிச்ச ஐந்து வரிசையையும் ஆன்டிஃப்ரீஸ் கரைசலில் மைனஸ் 20-இல் வையுங்கள். ஐபிஏ1-க்கும் மற்றச் சாயங்களுக்கும் தனி விலங்கு கேட்க வேண்டியிருக்காது. சாயம் செலுத்திப் பார்க்கும் இரண்டு விலங்கையும் திருத்தத்தில் மறக்காமல் சேருங்கள். அதைத் தனியாகக் கேட்கப் போனால் இன்னொரு கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.